அடி இலை மட்டும்

தேத்தண்ணியைக் குடியுங்கள் நௌஷாட், ஆறினால் நன்றாயிராது. றபீக்கா போட்டது. இப்போதெல்லாம் எனக்கு இஞ்சி தட்டித்தான் போடுகிறாள்.

கட்டாரில் பல வருடம் உழைத்துவிட்டுக் காத்தான்குடிக்குத் திரும்பியபோது, யன்னலோரம் என் கதிரை கிடந்த இடத்தில் ஒரு றப்பர் செடி நின்றது. பூச்சாடியில், கொழுகொழுவென்று. விடியச் சுபஹு தொழுத கையோடு றபீக்கா அதன் இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே அதனுடன் கதைப்பாள். எனக்கு "சாப்பாடு மேசையில இரிக்கு" என்பதோடு சரி. செடியை நகர்த்தியிருக்கலாமே என்பீர்கள். நீங்களும் என்னைப் போலப் பெண்சாதி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான். அங்கே ஓர் ஆணியைப் பிடுங்குவதென்றாலும் கேட்டுத்தானே செய்கிறோம்.

ஒருநாள் அடியிலிருந்த இலையொன்று மஞ்சளாகித் தானாக விழுந்தது. அதில் என் பங்கு எதுவுமில்லை. றபீக்கா பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். இருவரும் நெருங்கி உட்கார்ந்து போனில் தேடினோம். வயதான அடி இலைகள் விழுவது இயற்கை, மேலே குருத்து விட்டால் கவலையில்லை என்று போட்டிருந்தது. "அப்ப பயமில்லயா?" என்று என் தோளைப் பிடித்தாள். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

அடுத்த கிழமை ஒன்றும் விழவில்லை. பின்னேரங்கள் பழையபடி வெறிச்சென்று ஆகின. ஆகவே கொஞ்சம் உதவி செய்தேன். காம்பை நகத்தால் கிள்ளி வைத்தால் போதும். பால் வடிந்தால் அதே ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். ஆனால் நான் நியாயம் தவறவில்லை. அடி இலையைத் தவிர வேறெதையும் தொட்டதேயில்லை. ஒன்று விழுந்ததும் அதற்கு மேலே இருப்பதுதானே அடி இலை?

ஒவ்வோர் இலைக்கும் எங்களுக்கு ஒரு பின்னேரம் கிடைத்தது. அழுதாள், தேற்றினேன். பிறகு ஊர்க்கதை பேசிச் சிரித்தோம். கலியாணம் முடித்த புதிதில்கூட நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

உங்கள் பஹீமாவின் விஷயத்துக்கு வருகிறேன். செடி செழிப்பாக நின்ற காலத்தில் அவள் அக்காவைப் பார்க்க வந்து, "என்ன வடிவு ராத்தா!" என்றாளாம். கண் படாமலிருக்க மாஷா அல்லாஹ் சொல்ல மறந்துவிட்டாள். றபீக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "அவள்ர கண்ணூறுதான்" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலை கொஞ்சம் ஆடியிருக்கலாம். மாமா ஒரே வளவைப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் கட்டிக்கொடுத்த வீடுகள் இவை. நடுப்படலைக்குப் பூட்டு விழுந்தது. பெருநாளைக்கு பஹீமா அனுப்பிய வட்டிலாப்பம் திரும்பி வந்ததல்லவா, அதைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் வைத்ததும் நான்தான். சிந்தாமல்தான் வைத்தேன்.

அவள் இன்னும் அழுகிறாள் என்கிறீர்கள். கவலைதான். ஓம், நான்தான் கிள்ளினேன், கடைசி இலை வரைக்கும். அந்நேரம் அதுவும் அடி இலைதான்.

றபீக்காவிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இப்போதுதான் தேறி வருகிறாள், அவசரப்படக் கூடாது. செடிமீது எனக்குக் கோபம் இருந்ததாக மட்டும் நினைக்காதீர்கள். நேற்று நானே கல்லடிக்குப் போய் அவளுக்கு ஒரு புதுச் செடி வாங்கி வந்தேன். கடைக்காரர் பூக்கிற செடியொன்றைக் காட்டினார். வேண்டாமென்று சொல்லி, அங்கே நின்றதிலேயே இலை அதிகமுள்ளதாகப் பார்த்து எடுத்தேன்.