இடுப்பளவு தண்ணீர்

வள்ளத்தைக் கவிழ்த்துத் தோளில் வைத்து நடக்கிறவனுக்குத் தன் பூட்ஸைத் தவிர வேறொன்றும் தெரியாது. முன்னால் போகிறவன் கல் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருகிறவன் அதை நம்பிக் கால் வைக்க வேண்டும். ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாவிட்டால் இந்த விளையாட்டே இல்லை.

இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்ததற்கு நன்றி. எனக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. இந்த லண்டனில் பாதி வாழ்க்கை பஸ் ஓட்டியிருக்கிறேன். ஆனால் சில விஷயங்களைத் தமிழில் சொன்னால்தான் சொன்னதுபோல் இருக்கும். என் பெயர் கிறிஸ்துராஜா. ஊர் மன்னார், வீடு இங்கே லண்டனில், சட்டன் பக்கம். போன ஒக்டோபர் மாதம் ஸ்கொட்லாந்தில் ஓர் ஏரியில் இறந்துபோன றமணனோடு வள்ளத்தில் இருந்தவன் நான். அதை விபத்து என்று அங்குள்ள பொலிஸார் முடித்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். எனக்குப் போர்வை போர்த்திவிட்டுச் சூப்பும் தந்தார்கள்.

றமணன் எனக்குச் சொந்தமில்லை. யாழ்ப்பாணத்துப் பெடியன். அகதியாக வந்து இறங்கிய நாளில் தங்க இடமில்லை என்று யாரோ சொல்ல, எங்கள் வீட்டுச் சின்ன அறையைக் கொடுத்தேன். பிறகு படித்தான், கணக்காளன் ஆனான், சயந்தினியைக் கட்டினான், எங்கள் தெருவிலேயே என்னுடையதைவிடப் பெரிய வீடாக வாங்கினான். அதில் எனக்கு ஒன்றுமில்லை. என் மனைவி அஞ்சலீனா எதற்கெடுத்தாலும் “றமணனைப் பாருங்கோ” என்பாள். பார்த்தேன். தினமும்தான் பார்த்தேன்.

வெள்ளைக்காரர் கனூ என்று சொல்லும் இந்த வள்ளத்தை அவனுக்குப் பழக்கியதும் நான்தான். வருடத்துக்கு ஒருமுறை அதைக் காரின் மேலே கட்டிக்கொண்டு வடக்கே போவோம். மனித வாடையே இல்லாத ஏரிகள். ஆழம் கிடையாது. முழங்காலளவு, மிஞ்சினால் இடுப்பளவு. ஓர் ஏரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கல்லும் புல்லும்தான். அங்கே வள்ளத்தைத் தோளில் சுமந்துபோய் அடுத்த தண்ணீரில் இறக்க வேண்டும். சுமந்தது எப்போதும் நான். கூடாரப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து வழி சொன்னது அவன்.

ஒருமுறை மட்டும், “அண்ணை, ஒருக்கா தாங்கோ, படத்துக்கு” என்று கேட்டான். தூக்கி அவன் தோளில் வைத்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். படம் எடுத்ததும் நான்தான். உடனே இறக்கி என்னிடம் தந்துவிட்டான். அந்தப் படம் அவன் வீட்டு வரவேற்பறையில் பெரிதாகத் தொங்கியது. வருகிற ஆட்களெல்லாம் “நீங்களோ சுமந்தது?” என்று கேட்பார்கள். அவன் ஓம் என்றும் சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான், சிரிப்பான். சும்மா சொல்லக் கூடாது, அழகான சிரிப்பு.

ஆனால் அதற்காக இல்லை. அவ்வளவு அற்பமான மனிதன் இல்லை நான்.

அந்தப் பயணத்தில் முதல் நாள் பின்னேரம் அடுப்பில் நூடில்ஸ் கிண்டிக்கொண்டிருந்தேன். நடந்து வந்ததில் என் முழங்கால் வீங்கியிருந்தது. றமணன் அதைக் கவனித்து, தன் துண்டை ஏரித் தண்ணீரில் நனைத்து என் காலில் சுற்றிவிட்டான். சுற்றிக்கொண்டே பேசினான்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்கட கால் இனித் தாங்காது. அடுத்த வருசம் நீங்கள் வீட்டில இருங்கோ. நானும் றொமேசும் வாறம்.”

றொமேஷ் என் மகன். ஒவ்வொரு வருடமும் அவனைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு வருடமும் வேலை என்றான்.

“அவன் வாறன் எண்டவனோ?” என்று கேட்டேன்.

“ஓம் அண்ணை. அவனுக்குச் சரியான விருப்பம். உங்களோட வரத்தான் பயமாம். நீங்கள் ஏசுவீங்களாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அதே சிரிப்பு.

நான் கோபப்படவில்லை. நூடில்ஸில் அவனுக்குக் கூடப் போட்டேன். மிளகாய்த் தூளும் அவனுக்குப் பிடித்த அளவில் போட்டேன்.

இப்போது சேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நண்டு பிடிக்கிற சேற்றுக் கரையில் வளர்ந்தவன். கல் தெரிகிற அடித்தரையில் பயமில்லாமல் நிற்கலாம். கல்லே இல்லாமல் நாணல் நிற்கிற கறுத்த அடியில் காலை ஊன்றவே கூடாது. தவறி இறங்கிவிட்டால் குப்புறப் படுத்து, கையை அகல விரித்து ஊர்ந்து வர வேண்டும். நிற்க நிற்க உள்ளே இழுக்கும். மன்னாரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். யாழ்ப்பாணம் டவுனில் பிறந்தவனுக்கு யார் சொல்வது? துடுப்புப் பிடிக்க, முடிச்சுப் போட, மழையில் அடுப்பு மூட்ட எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இதை ஒன்றை ஏனோ சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் நல்ல குளிர். அவன் தன் உயிர்காப்புச் சட்டையை மடித்து முழங்காலுக்குக் கீழே மெத்தைபோல வைத்துக்கொண்டான். மற்ற நாளாக இருந்தால் ஏசியிருப்பேன். ஏசுகிறவன் என்று பெயர் வந்துவிட்டதே, பேசாமல் இருந்தேன். நாணல் பக்கம் போனதும் வள்ளம் தரை தட்டியதுபோல நின்றது. நான் பின்னால் துடுப்பை ஊன்றிப் பிடித்தால் நிற்கத்தானே செய்யும்.

“றமணன், இறங்கித் தள்ளு. இடுப்பளவு தண்ணிதான்,” என்றேன்.

அது உண்மை. தண்ணீர் இடுப்பளவுதான். சேறு எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.

இறங்கினான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. முதலில் சிரித்தான். காலை எடுக்கப் பார்த்தான், இன்னும் இறங்கினான். வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எனக்குக் கஷ்டமாகிவிட்டது, அவன் விடாமல் பிடித்திருந்தால் நான் ஒன்றும் செய்ய ஏலாது.

“கையை எடு, வள்ளம் பிரளப் போகுது,” என்றேன்.

எடுத்தான். வள்ளத்தில் நான் என்ன சொன்னாலும் கேட்கிறவன்.

நான் அக்கரைக்குப் போய்க் கூடாரம் அடித்தேன். காற்று என் பக்கம் வீசியதால் “அண்ணை, அண்ணை” என்று கூப்பிட்டது நன்றாகக் கேட்டது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அவ்வளவு மரியாதையான பெடியன். தேத்தண்ணி வைத்துக் குடித்தேன். சத்தம் நின்ற பிறகு உதவி கேட்கும் கருவியை அழுத்தினேன். ஹெலிகொப்டர் வந்தது.

திட்டமிட்டதா என்று கேட்கிறீர்கள். முதல் நாள் இரவு அவன் படுத்த பிறகு, நிலா வெளிச்சத்தில் நான் தனியே வள்ளத்தில் போய் அந்த இடத்துச் சேற்றில் துடுப்பை விட்டுப் பார்த்தேன். கைப்பிடி வரை போனது. முன்கூட்டியே ஆழம் பார்ப்பது நல்ல பழக்கம்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. சயந்தினி என் கையைப் பிடித்து, “கடைசி நேரத்தில நீங்கள் பக்கத்தில இருந்தது எனக்கு ஆறுதல் அண்ணை” என்று அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இனியும் திறந்திருக்க மாட்டேன். ஆனால் போன ஞாயிறு அவன் நினைவாகச் சட்டனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மேடையில் பெரிய திரை. திரையில் அந்தப் படம். என் மகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “றமணன் சித்தப்பா வள்ளத்தை மட்டும் சுமக்கேல்லை, எங்கட அப்பாவையும் சேர்த்துத்தான் சுமந்தவர்” என்றான். மண்டபம் முழுக்கக் கண்ணைத் துடைத்தது. என் பக்கத்தில் அஞ்சலீனாவும் துடைத்தாள்.

அதுதான் வந்தேன். றமணனைக் கொன்றது நான். அதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் மற்றதைச் சரியாக எழுத வேண்டும், என் மகனுக்கும் அதை வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வள்ளத்தைச் சுமந்தது நான்.