வடிகட்டி முதல் தரப்புக்கு

– அந்த வாளியைக் கீழ வைக்காதீங்க மாமா. வச்சா ஒப்படைச்சதா ஆயிடும்.

– மச்சான், உள்ள உயிர் இருக்கு. பஸ்ல ரெண்டு மணி நேரம் மடியில வச்சு கொண்டு வந்திருக்கேன். கால் மரத்துப் போச்சு.

– உயிர்னு எழுத முடியாது. பட்டியல்ல பதினஞ்சாம் வரிசை: ‘மீன் தொட்டி வடிகட்டி ஒண்ணு, பிளக்கோட. முதல் தரப்புக்கு.’ முதல் தரப்புன்னா நீங்க.

– தம்பி, நீ எனக்கு வக்கீலா, இல்ல வாசக்கதவுக்குப் பூட்டா? அவரை உள்ள விடு.

– ரெண்டுமேதான்க்கா. விவாகரத்து மனுவுல ரெண்டு பேரும் இன்னைக்குக் கையெழுத்துப் போடணும். இந்த நேரத்துல பொருள் கை மாறினா பட்டியலே கெட்டுடும்.

– அந்தப் பட்டியலைப் போட்ட மகராசன் யாரு?

– நான்தான் மாமா. சண்டை வரக்கூடாதுன்னு ஒரே விதி. பிளக் இருக்கிற சாமானெல்லாம் உங்களுக்கு. பிளக் இல்லாததெல்லாம் அக்காவுக்கு.

– பிரமாதம். மிக்சி என்கிட்ட இருக்கு. ஜார் இங்க இருக்கு.

– ஃபிரிட்ஜ் அவர்கிட்ட. ஐஸ் டிரே என்கிட்ட. மூணு வாரமா அதுல பட்டன் போட்டு வச்சிருக்கேன்.

– ரெண்டு தரப்பும் சமமா கஷ்டப்பட்டா அதுக்குப் பேர்தான் நியாயம்.

– மீன் இவளுக்கு, வடிகட்டி எனக்குன்னு எழுதும்போது உன் கை கொஞ்சமாவது நின்னுச்சா?

– மீனுக்கு பிளக் இல்லையே மாமா.

– விடுங்க. நேத்து போன்ல சொன்னேன்ல, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதுன்னு. அதுக்குத்தானே வந்தீங்க?

– அதுக்குத்தான். கேட்டதும் அடுத்த பஸ்ஸைப் புடிச்சிட்டேன்.

– பாத்துக்கோ தம்பி. மீனுக்குன்னா அடுத்த பஸ். போன வருஷம் எனக்கு நாலு நாள் காய்ச்சல். வெளியூர்ல இருந்து ‘மாத்திரை போட்டுக்கோ’ன்னு ஒரு மெசேஜ்.

– மாத்திரை பேரும் எழுதியிருந்தேன்.

– எழுதியிருந்தார். அதையும் குறிச்சுக்கோ.

– குறிச்சுட்டேன்க்கா. மாமா, வாளிக்குள்ள என்ன இது, அடுப்படிக் கரித்துணி மாதிரி ஒரு ஸ்பாஞ்ச்? அலசிட்டாவது கொண்டு வந்திருக்கலாம்ல. குடுங்க, குழாயடியில…

– தொடாத! அது அழுக்கில்ல. கோடிக்கணக்குல பாக்டீரியா குடியிருக்கிற ஊரு. மீனோட கழிவு தண்ணியில விஷமாகும். ஒரு கூட்டம் அந்த விஷத்தைத் தின்னு வேற விஷமாக்கும். ரெண்டாவது கூட்டம் அதையும் தின்னு, மீனைத் தொல்லை பண்ணாத சரக்கா மாத்திடும்.

– அதாவது முதல் கூட்டம் சொன்ன தீர்ப்பை ரெண்டாம் கூட்டம் அப்பீல்ல மாத்துது.

– ஏதோ ஒண்ணு. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு. ஒரே அலசல், ஊரே காலி. தொட்டித் தண்ணியிலதான் பிழியணும், அதுவும் லேசா.

– கல்யாணமான புதுசுல நான் சோப்புப் போட்டு அலசிட்டேன். எட்டு நாள் என்கூட பேசல.

– ஆறு நாள்.

– எட்டு.

– இதை முன்னாடியே சொல்லியிருந்தா மனுவுல ஒரு பாராவாவது வந்திருக்கும்க்கா.

– இருங்க மாமா, மூணு வாரமா மீனே இல்லாம இது எப்படிப் பொழைச்சுது?

– என் ரூம்ல வாளித் தண்ணியில ஓட விட்டிருந்தேன். தினம் காலையில எட்டு மணிக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி. அது அழுகும், இதுங்க தின்னும்.

– மீன் இல்லாத வாளிக்கு மீன் தீனி.

– ஆமா மச்சான்.

– தினமும்.

– ஞாயித்துக்கிழமையும்தான். பக்கத்து ரூம்காரர் ஒரு நாள் பாத்துட்டார். அதுல இருந்து என்கூட லிஃப்ட்ல ஏறுறதில்ல.

– இப்ப இதைத் தொட்டியில போட்டா உடனே சரியாயிடுமா?

– ஆகாது. பஸ்ல வரும்போது பாதி செத்திருக்கும். திரும்பப் பெருகி, தொட்டி நிலைக்கு வர ஆறு வாரம். நடுவுல தண்ணி கலங்கும், நாறும், எல்லாம் போச்சுன்னு தோணும். அந்த நேரத்துல ஆத்திரப்பட்டுக் கொட்டிடக் கூடாது. தினம் பக்கத்துல ஆள் இருந்து பாக்கணும்.

– மெசேஜ்ல பாக்க முடியாதா?

– முடியாது.

– சரி. எழுது தம்பி.

– பதினஞ்சாம் வரிசை திருத்தம்: வடிகட்டி ரெண்டாம் தரப்புக்கு. காரணம், மீன்களின் உயிர். மீன் எத்தனைன்னும் போடணும். எண்ணாம எழுதினா செல்லாது. தொட்டி மேல போத்தியிருக்கிற துணியை எடு அக்கா.

– வேணாம். வெளிச்சம் பட்டா மிரளும்.

– ஏழுன்னு போடு மச்சான். ஆறு சிவப்பு, ஒரு கறுப்பு வால். கறுப்பு வால் கூச்சக்காரன், செடிக்குப் பின்னாடிதான் நிப்பான்.

– நான் பாக்காம எழுத மாட்டேன் மாமா. இதோ, துணியை ஓரமா லேசாத்தான் தூக்குறேன்… அக்கா.

– ம்.

– மாமா, கொஞ்சம் இங்க வாங்க. செடி இருக்கு.

– அதுக்குப் பின்னாடி பாரு.

– பின்னாடி சுவர் இருக்கு.

– மீன் எங்க?

– நீங்க வடிகட்டியைக் கழட்டிட்டுப் போன ஒரே வாரத்துல ஏழும் போச்சு. தினம் தண்ணி மாத்தினேன். பத்தல.

– நேத்து வாயைப் பிளக்குதுன்னு சொன்னியே!

– எனக்கு முடியலன்னு சொன்னா மாத்திரை பேருதானே வரும்.

– அதுக்காக… ரெண்டு வாரமா வெறும் தண்ணிக்கா துணி போத்தி வச்சிருந்த?

– வெறும் வாளிக்கு வேளை தவறாம சாப்பாடு போட்டவர் கேக்குறாரு.

– கறுப்பு வாலுமா போயிட்டான்?

– அவன்தான் கடைசி. ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

– எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல.

– நேத்து பண்ணினேனே.

– சரி, எண்ணிக்கை பூஜ்யம்னு போட்டுடுறேன். இனிமே வடிகட்டிக்கு இங்க வேலையில்ல. வாளியை எடுத்துக்குங்க மாமா. ரெண்டு பேரும் கீழ கையெழுத்துப் போட்டா நான் கிளம்பிடுவேன்.

– வாளியைக் கீழ வைங்க. கால் மரத்துப் போச்சுன்னீங்கல்ல.

– அக்கா, வச்சா ஒப்படைச்சதா ஆயிடும்.

– ஆகட்டும்.

– அப்ப கையெழுத்து?

– தொட்டி நிலைக்கு வரட்டும் தம்பி. ஆறு வாரம் ஆகும்னு சொல்றாருல்ல.