வலப்பக்கம் பாக்க ஒராள்

...கதைக்காதை எண்டு சொல்லிப்போட்டுத்தான், தம்பி, என்ர மனுசன் வயலுக்குப் போனவர். "வவுனியாவில இருந்து ஒராள் கார் பாக்க வருவார், கமலாசனி. இருத்து, தேத்தண்ணி குடு, வாயை மட்டும் திறவாதை." இதென்ன கதை? நான் கதைக்கிற ஆளே? நீங்களே சொல்லுங்கோ, வந்ததில இருந்து நான் ஏதும் கதைச்சனானே? சீனி காணுமோ? குடியுங்கோ, குடியுங்கோ.

ஐயோ, அந்தக் கதிரையில இருக்காதேங்கோ! அதுக்கு ஒரு கால் ஆட்டம். அதின்ர கதை பேந்து சொல்லுறன். இந்த வாங்கில இருங்கோ. மெத்தெண்டு இருக்கல்லே? இருக்கும். அது நீங்க வாங்க வந்த காரின்ர பின் சீற்றுத்தான். கார் எடுத்தா உதையும் கொண்டு போங்கோ. ஆடு குட்டி போட்டது அதிலதான், ஆனா வடிவாக் கழுவிப்போட்டன்.

இந்த மனுசன் கூடாத ஆளில்லை, தம்பி. குடி வெறி இல்லை, சீட்டாட்டம் இல்லை. விடிய எழும்பினா வயல், பொழுதுபட்டா வீடு. மிளகாய் நெருப்பு விலைக்குப் போன காலம் ஒண்டு இருந்ததல்லே... அந்த நேரம் இஞ்ச உருத்திரபுரத்தில ஆர்தான் கெட்டுப்போகேல்லை? சிலபேர் கல்வீடு கட்டிச்சினம், சிலபேர் பெஞ்சாதிக்குக் கழுத்து நிறையப் போட்டிச்சினம். இவர் ட்ரக்டருக்குச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனார். போன மனுசன் சாமானும் வாங்கேல்லை, பஸ்ஸில வரவும் இல்லை. உதில வந்து இறங்குறார்!

ஆரோ அமெரிக்கன் துரை வைச்சிருந்த காராம். முன்னுக்குக் குதிரை ஓடுறமாதிரித் தகடு. எட்டுச் சிலிண்டராம். "எங்கட ட்ரக்டருக்கு எத்தினை?" எண்டு கேட்டன். "மூண்டு" எண்டார். அப்ப எட்டு எதுக்கு? அஞ்சைக் கழட்டி வையுங்கோவன், பெற்றோலாவது மிஞ்சும் எண்டன். அதுக்கு என்னைப் பாத்த பார்வை... கோயில் தேரில ரெண்டு சில்லைக் கழட்டச் சொன்னமாதிரி!

அது காணாதெண்டு ஸ்ரேறிங் இடப்பக்கம், தம்பி! அமெரிக்காவில அப்பிடித்தானாம். எங்கட றோட்டில இடப்பக்கம் இருந்து ஓடினா, முன்னுக்குப் போற வாகனத்துக்கு அங்கால என்ன வருதெண்டு என்னெண்டு தெரியும்? இவர் கொழும்பில இருந்து ஒரு லொறியை முந்தேலாமல் அதுக்குப் பின்னாலயே வந்திருக்கிறார். லொறிக்காரன் தேத்தண்ணிக்கு நிண்டா இவரும் நிண்டு, அவன் வெளிக்கிட்டா இவரும் வெளிக்கிட்டு... மதவாச்சியில அவன் கையில இரும்போட இறங்கி வந்து, "ஏனடா என்னைத் துரத்துறாய்?" எண்டு கேட்டிருக்கிறான்.

அண்டையில இருந்து எனக்கு உத்தியோகம் கிடைச்சது. அவர் எங்க காரை எடுத்தாலும் நான் வலப்பக்கம் இருக்கவேணும். "வருதோ?" எண்டு அவர் கேப்பார். நான் தலையை வெளியில நீட்டிப் பாத்து, "மாட்டு வண்டில் வருது, பொறுங்கோ" எண்டோ, "ஒண்டும் வரேல்லை, விடுங்கோ" எண்டோ சொல்லவேணும். அடுப்பில உலை கொதிக்கும்... "கமலாசனி, கிளிநொச்சிக்கு ஒருக்கால் வா." ஏன்? பீடி வாங்க! ஒரு காருக்கு ஓட ஒராள், பாக்க ஒராள். இப்பிடி எங்கயும் கேள்விப்பட்டிருக்கிறியளே?

ஓமோம், றேஸ்... அந்தக் கதையும் உங்கட காதுக்கு வந்திட்டுதோ? ஆர் சொன்னது? என்ன சொன்னவை? இவர்தான், எங்கட ஏரம்பர்தான் வெண்டவர் எண்டோ? ...ம். சொல்லுவினம், சொல்லுவினம். இருங்கோ, முழுசாக் கேட்டிட்டுப் போங்கோ.

பக்கத்து வயல் யோகலிங்கம். முந்திக் கப்பலில நிண்டவர். அமெரிக்காவில ரெண்டு கார் பக்கத்தில பக்கத்தில நிண்டு, நேர் றோட்டில கால் மைல் ஓடி, ஆர் முந்தியெண்டு பாப்பினமாம். அவ்வளவுதானாம் றேஸ்! நான் சொன்னன், கால் மைலெண்டா எங்கட சங்கக்கடைத் தூரம், மண்ணெண்ணைப் போத்திலோட நான் நடந்தே போட்டு வாறனான், அதுக்கு எட்டுச் சிலிண்டர் தேவைப்படேல்லை எண்டு. ஆர் கேட்டது?

அதோட நிண்டிருந்தாலும் பறவாயில்லை, தம்பி. சிறுபோகம் வந்தது. குளத்தில தண்ணி மட்டு. எங்கட வயலுக்கும் யோகலிங்கத்தின்ர வயலுக்கும் ஒரே வாய்க்கால். ஆருக்கு முதல் தண்ணி? அவர் தனக்கெண்டார், இவர் தனக்கெண்டார். மண்வெட்டி தூக்கிற அளவுக்கு வந்திட்டுது. பிந்தினவனுக்கு நாத்துக் கருகிப்போம், அது விளையாட்டே? தண்ணி திறந்துவிடுற வட்டவிதானையார் வந்து பாத்தார், ரெண்டு பக்கமும் கேட்டார், களைச்சுப்போனார். "எனக்கு ஏலாது, நீங்களே எப்பிடியாவது தீர்த்துக்கொண்டு வாங்கோ" எண்டு சைக்கிளை எடுத்தார்.

எப்பிடியாவது எண்டா? மனுசர் இருந்து கதைப்பினம், கோயிலில பூக்கட்டிப் பாப்பினம். இதுகள் ரெண்டும் ஒண்டை ஒண்டு பாத்து, "கால் மைல்!" எண்டிச்சுதுகள். வெண்டவனுக்கு முதல் தண்ணி.

எனக்கு அதில போனது என்னெண்டு தெரியுமோ? யோகலிங்கத்தின்ர பெஞ்சாதி நேசமலர் அக்கா. நான் இஞ்ச கலியாணம் முடிச்சு வந்த நாளில இருந்து வேலிக்கு அங்கால அவாவும் இஞ்சால நானும். அவா கதைக்கிறது குறைவு, நான்... நானும் குறைவுதான். அந்தத் தண்ணிச் சண்டையோட அவா வாயைக் கட்டிப்போட்டா. வேலியில ஆள் பூந்து போய்வரப் பொட்டு ஒண்டு வைச்சிருந்தம், அதைக் கிடுகால அடைச்சுப்போட்டா. என்ர கறிச்சட்டி ஒண்டு இன்னும் அங்கால கிடக்கு. சட்டி போகட்டும்...

சரி, றேஸுக்கு வாறன். பாரம் குறைச்சாத்தான் கார் பறக்குமாம். கிளிநொச்சியில இருந்து வெல்டிங் வீரையா அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் மலையகத்தில அற்றன் பக்கத்து ஆள், நல்ல மனுசன். ஆனா எதிர்த்து ஒரு சொல் சொல்லத் தெரியாது. "வெட்டச் சொன்னா வெட்டுவேங்க, ஒட்டச் சொன்னா ஒட்டுவேங்க, ஏன்னு மட்டும் கேக்க மாட்டேங்க." கேட்டிருக்கவேணும், தம்பி! அந்த முற்றத்தில ஒராளாவது ஏனெண்டு கேட்டிருக்கவேணும்! பின் சீற்றுப் போச்சு. பொனெற் போச்சு, அது இப்ப கோழிக்கூட்டுக்குக் கூரை. கண்ணாடி போச்சு. கதவு ரெண்டையும் அரைவாசிக்கு வெட்டிக் கயித்தால கட்டியாச்சு. சைலன்சரைக் கழட்டி ஸ்ராட் பண்ணினார்... எங்கட பசு ரெண்டு நாள் பால் விடேல்லை. கோயில் ஐயர் ஓடிவந்து, ஆரும் செத்துப்போச்சினமோ எண்டு கேட்டார்.

முன் சீற்று ரெண்டும் பாரமெண்டு கழட்டினார். பேந்து எதில இருக்கிறது? குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வைச்சார். உதுதான், அந்த ஆட்டக் கதிரை! வீரையா அண்ணை ஒட்டட்டோ எண்டு கேட்டவர். "வேண்டாம், கமலாசனிக்குப் பிறகு குசினிக்குத் தேவைப்படும்." அவ்வளவு கரிசனை!

எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் பாத்தா, பின் சில்லு நிலத்தைப் பிடிக்காமல் நிண்ட இடத்தில சுத்துது. பாரம் காணாதாம்! நாலு மூட்டை நெல்லைத் தூக்கிப் பின்னுக்குப் போட்டார். இப்ப சொல்லுங்கோ... சீற்றை இறக்கினது எதுக்கு, நெல்லை ஏத்தினது எதுக்கு?

இன்னும் கேளுங்கோ. காலால மிதிக்கிற நேரத்தில கால் வழுக்கினா என்ன செய்யிறதெண்டு, ட்ரக்டருக்கு இருக்கிறமாதிரி ஒரு கைப்பிடி பூட்டினார். இழுத்தா எஞ்சின் இரையும், விட்டாலும் இழுத்த இடத்திலயே நிக்கும். காரோ, கியர் தானா மாறுற சாதி. விளங்குதே? ஆள் இல்லாட்டியும் கார் போகும்.

ஞாயிற்றுக்கிழமை விடிய, கண்டி றோட்டில, பரந்தனுக்கும் கரடிப்போக்குக்கும் இடையில. சனமெண்டா சனம்! ட்ரக்டர் பெட்டியில குடும்பம் குடும்பமா வந்து இறங்குதுகள். கச்சான்காரி வந்திட்டா. ஐஸ்பழக்காரன் மணி அடிக்கிறான். யோகலிங்கம் ஒரு பழைய காருக்குள்ள லொறி எஞ்சினை இறக்கிக்கொண்டு வந்து நிக்கிறார். எஞ்சின் பாரத்தில முன்பக்கம் பதிஞ்சு, கார் நிலத்தைக் கும்பிடுறமாதிரி நிக்குது.

இவர் என்னைக் கூப்பிட்டார். "ஏறு." எனக்கென்ன வேலை? "யோகலிங்கம் வலப்பக்கத்தால ஓடுவான். கிட்ட வாறானோ எண்டு ஆர் பாக்கிறது?" பேந்து குரலைத் தாழ்த்தி, "உன்ர பாரமும் பின் ரயருக்கு நல்லது" எண்டார். இந்தச் சனத்துக்கு முன்னால, தம்பி! சரியெண்டு இவருக்குப் பக்கத்தில ஒரு நெல்லு மூட்டையில ஏறி இருந்தன். கோவத்தில கதைக்கவே இல்லை.

வட்டவிதானையார் சால்வையைத் தூக்கிப் பிடிச்சார். கீழ போட்டார். இவர் கைப்பிடியை இழுத்தார்...

கார் போச்சு. கதிரை போகேல்லை.

கதிரை அப்பிடியே பின்னால சரிஞ்சுது. இவர் அதோட சேர்ந்து போய் மூட்டையளுக்கு நடுவில விழுந்தார். ரெண்டு காலும் மேல. நான் திரும்பிப் பாத்தா சாறமும் காலும்தான் தெரியுது, முகத்தைக் காணேல்லை. எஞ்சின் இரையுது, ஸ்ரேறிங்கில ஆருமில்லை, முன்னுக்குப் பனைமரம்! நான் மூட்டையால வழுக்கி அங்கால பாஞ்சு ஸ்ரேறிங்கைப் பிடிச்சன். இவ்வளவு நாளும் பக்கத்தில இருந்து பாத்ததுதானே... கையை எப்பிடித் திருப்புறவர், எப்ப விடுறவர் எண்டு எல்லாம் தெரியும். ஒரு வெட்டு வெட்டினன், பனை இடப்பக்கத்தால போச்சு.

அப்ப தம்பி... எப்பிடிச் சொல்ல? சத்தமெல்லாம் பின்னுக்குப் போட்டுது. முன்னுக்கு றோட்டு மட்டும். காத்து மூஞ்சையில அடிக்குது, கொண்டை அவிண்டிட்டுது. இடைக்கால வலப்பக்கம் பாத்தன், யோகலிங்கத்தின்ர முகம்... அந்தாள் றேஸை மறந்து வாயைப் பிளந்து என்னைப் பாக்குது. பேந்து அந்த முகத்தையும் காணேல்லை. பின்னுக்குப் போட்டுது!

கால் மைல் முடிஞ்சதும் தெரியாது. கரடிப்போக்குச் சந்தியில கண்டி பஸ் திரும்பி வருது. சாவியைத் திருப்பினன், ரெண்டு காலாலயும் பிறேக்கில ஏறி நிண்டன். பஸ்ஸுக்கு முன்னால, கை நீட்டினாத் தொடுற தூரத்தில நிண்டுது. பஸ் றைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சனம் ஓடி வருது. அப்பத்தான் இந்த மனுசன் மூட்டையளுக்குள்ளால தலையைக் காட்டுறார். தலை முழுக்க நெல்லு. ரெண்டு கையையும் தூக்கி, "வெண்டிட்டன்!" எண்டார்.

"ஏரம்பு! ஏரம்பு!" எண்டு தூக்கிக்கொண்டு போச்சினம். மாலை அவருக்கு. சோடா அவருக்கு. என்னட்டை ஒருத்தர் வந்து, "அக்கா, பயந்து போனியளோ?" எண்டு கேட்டவர்.

தண்ணி எங்களுக்குத்தான் முதல் வந்தது, பயிரும் நல்லா வந்தது, அது பொய் சொல்லக்கூடாது. ஆனா யோகலிங்கம் கண்டவரல்லே? எல்லாருக்கும் கேக்க வெட்டையில நிண்டு சொல்லிப்போட்டார்: "வெண்டது நீயில்லை ஏரம்பு, உன்ர மனுசி. அடுத்த போகத்துக்கு நீ தனிய ஓடு, இல்லாட்டி அவாவை ஓடவிடு." அண்டு இரவு இவர் சாப்பிடேல்லை. விடிய எழும்பி, "கார் பழசாப் போச்சு, விக்கப்போறன்" எண்டார். இவ்வளவுதான் கதை. நான் ஸ்ரேறிங்கில இருக்கிறதைப் பாக்கிறதிலும் விக்கிறது மேலாம்!

நீங்க நாலாவது ஆள், தம்பி. வந்தவை எல்லாம் தேத்தண்ணி குடிச்சு, கதை கேட்டு, "பேந்து வாறம்" எண்டு போனவைதான். ஏனெண்டு விளங்கேல்லை... என்ன, எழும்பிட்டியள்? ஓடிப் பாக்காமல் போறதே? அவர் வர மத்தியானமாகும். சாவி என்னட்டைத்தான். வாங்கோ! யன்னலால ஏறுங்கோ, கதவு கயித்தில நிக்குது. விக்கிறதுக்கெண்டு முன் சீற்று ரெண்டையும் திருப்பிப் பூட்டியிருக்கு. நீங்க வலப்பக்கம்.

...பிடிச்சுக்கொள்ளுங்கோ. சத்தத்துக்குப் பயப்படாதேங்கோ, மாடு ஓடினா ஓடட்டும். பாத்தியளே, பட்டுமாதிரிப் போகுது! முன்னுக்கு வைக்கல் ஏத்தின ட்ரக்டர் ஒண்டு. இப்ப நீங்கதான் பாத்துச் சொல்லவேணும். வருதோ? ...தம்பி, வருதோ? ...இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தது சரி, இப்பவாவது வாயைத் திறங்கோ! ஏன் கண்ணை மூடுறியள்? கண்ணை மூடிக்கொண்டு என்னெண்டு... சரி, முந்தியாச்சு. ஒண்டும் வரேல்லை. முருகன் துணை.

என்ன? மதகடியில நிப்பாட்டவோ? ஏன், இன்னும் கரடிப்போக்கே வரேல்லை... சரி, சரி, கையைப் பிடியாதேங்கோ, நிப்பாட்டுறன். நடந்து போறியளோ? வவுனியாவுக்கோ? தம்பி! அவர் கேட்டா என்ன சொல்ல? ...தம்பி! ...வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு என்ன ஓட்டம்! அதுவும் கால் மைல் வரும்.

சரி, போகட்டும். அவருக்கும் கார் பொருந்தேல்லை எண்டு சொல்லுவம்.

இப்ப திருப்பிக்கொண்டு போறதெண்டாலும் ஒராள் வேணும்... அங்க குடையோட போறது ஆர்? ...நேசமலர் அக்கா! எணை அக்கா! சந்தைக்கோ? இந்த வெயிலுக்குள்ள? ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன். ...கோவமெண்டாக் கோவத்தோடயே ஏறுங்கோ, நான் வேண்டாமெண்டே சொன்னனான்? கதைக்கத் தேவையில்லை. ஆ... சீலையைத் தூக்கிப் பிடிச்சு... கையைத் தாங்கோ... அப்பிடித்தான். பையை மடியில வையுங்கோ.

கதைக்கத் தேவையில்லை, அக்கா, ஆனா வலப்பக்கம் ஒருக்கால் பாருங்கோ. முன்னுக்கு வண்டில் போகுது. நான் முந்தப்போறன். பாத்திட்டுக் கையாலயாவது காட்டுங்கோ... கை குடையில இருக்கோ... அப்ப தலையையாவது ஆட்டுங்கோ...

என்ன? என்ன சொன்னனீங்கள்? சத்தத்தில கேக்கேல்லை, இன்னொருக்கால் சொல்லுங்கோ!

"வரேல்லை, விடடி" எண்டோ?

ஓமக்கா! விடுறன்! பிடியுங்கோ!