எத்தனால் பெட்ரோலோடு பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டிய ரமணன் அவர்களுக்கு

பானட்டைத் திறக்கும் முன்பே, வாசலில் வண்டி இருமும் இருமலை வைத்தே வியாதியைச் சொல்லிவிடும் எங்கள் தலைமை மெக்கானிக்கே! சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வொர்க்ஷாப்பில் முப்பத்தொரு வருடம், முழங்கை வரை கிரீஸும் முகம் முழுக்கச் சிரிப்புமாக நின்று, இன்று ஓய்வு பெறுபவரே! இரவல் கொடுத்த ஸ்பேனர் திரும்பி வரும்வரை தேநீர்கூடக் குடிக்காத ரமணன் அவர்களே! வணக்கம்!

உங்கள் உழைப்பையும் நேர்மையையும் வரிசையாக அடுக்கத்தான் உட்கார்ந்தோம். முதலாளி கபிலன் தடுத்துவிட்டார். "அதெல்லாம் எல்லா மடல்லயும் இருக்கும்லா. பட்டர்வொர்த் கதையைப் படிங்க, போதும்" என்றார். ஆகவே சிராங்கூன் சாலையின் இந்த மாடி அறையில், இலை போடும் முன், அந்தக் கதையையே உங்களுக்கு மாலையாகப் போடுகிறோம்.

வந்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு சின்ன விளக்கம். தாய்லாந்தில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் என்றால் ஒரு வகைச் சாராயம்தான். பழைய டர்போ கார்களில் பெட்ரோல் ஓடும் ரப்பர் குழாய் சிலவற்றை அது ஊற வைத்துக் கெடுத்துவிடும். சிலவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் நீங்களோ சில, பல என்றெல்லாம் பிரிக்கவே இல்லை. "பழைய கார்ல எத்தனாலா? விஷம்! எல்லையைத் தாண்டாதீங்க!" பன்னிரண்டு வருடம் இதே தீர்ப்பு, மேல்முறையீடே கிடையாது.

மின்சாரப் பிரிவு நிவேதிதாவுக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. காலிக் கயா ஜாம் பாட்டில்களில் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றி, வண்டிகளுக்குப் போட்டது போக மிஞ்சிய ஆறு குழாய்த் துண்டுகளை மூன்று வாரம் ஊறப்போட்டாள். நீங்கள் தோற்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. போன மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தாள். ஐந்து துண்டுகள் போட்டபடியே விறைப்பாக வந்தன. ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு அரை நிமிடம்தான். ஆறாவது துண்டு ஊறிப்போன குவே தியோ நூடுல்ஸ் மாதிரி கொழகொழவென்று தொங்கியது. வளைத்தால் வெடிப்பு.

அந்தத் துண்டு வந்த பெட்டி நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கியது. அதிலிருந்து குழாய் போட்டது ஒரே ஒரு வண்டிக்கு, பஸ் ஓட்டும் பூவம்மாவின் தொண்ணூற்றைந்தாம் வருட டர்போவுக்கு. அந்தப் பூவம்மாவோ அன்று விடியற்காலையில்தான் கார் கிளப்போடு மலேசியா வழியாகத் தாய்லாந்துக்குக் கிளம்பியிருந்தார்; முதல் இரவு வட மலேசியாவின் பட்டர்வொர்த்தில். மலேசியப் பெட்ரோல் வரைக்கும் பயமில்லை. தாய்லாந்தில் டேங்க்கை நிரப்பினால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், சூடான டர்போ மேல் பெட்ரோல் சொட்டும்; தீப்பிடிக்கும்.

நீங்கள் உடனே போன் போட்டீர்கள். மலேசிய நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பூவம்மா எடுத்தார். ஸ்பீக்கரில் நிவேதிதாவும் கேட்டாள்.

"பூவம்மா, தாய்லாந்து போகாத. குழாய் தாங்காது."

"ரமணன் அண்ணே, பன்னெண்டு வருஷமா இதே பாட்டு! பாதி வழி வந்தப்புறமும் பாடுறீங்களே."

"இது நெஜம்மா!"

"அப்ப இத்தனை நாளு சொன்னது?"

பூவம்மா சிரித்துக்கொண்டே போனை அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

நிவேதிதா உங்கள் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்யச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. நீங்கள் நல்ல குழாய் ஒரு மீட்டர் வெட்டிச் சுருட்டிக்கொண்டு, "ஒன் காரை எடு. பட்டர்வொர்த்ல இன்னிக்குத் தங்குறாங்க. நேர்ல சொன்னாத்தான் நம்புவா" என்றீர்கள். மாற்றுச் சட்டைகூட இல்லாமல் கிளம்பினீர்கள், இரண்டு பேரும்.

உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் அதிகாரி பெட்ரோல் முள்ளை எட்டிப் பார்த்தார். பாதி டேங்க்! முக்கால் டேங்க் இல்லாமல் சிங்கப்பூர் வண்டி வெளியே போக முடியாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உலகத்து டேங்க்குகளையெல்லாம் பழுது பார்த்த இருவருக்கும் அன்று தோன்றவில்லை. திரும்பிப் போய் நிரப்பி, மறுபடி வரிசையில் நின்றீர்கள். மலேசியாவுக்குப் போகும் பாலம் முழுக்க ஊர்ந்தபோது நிவேதிதாவால் அடக்க முடியவில்லை.

"அங்கிள், நாம ரெண்டு பேரும் எக்ஸ்பர்ட்டாம்லா!"

"வெளிய சொல்லாத."

மன்னிக்கவும், சொல்லிவிட்டோம்.

விளக்கு வைத்த நேரத்துக்கு பட்டர்வொர்த் ஹோட்டல் வாகன நிறுத்தத்தில் பூவம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிளப் ஆட்கள் சுற்றிலும். "வந்துட்டாரு பாரு, விஷம் ஸ்பெஷலிஸ்ட்!" என்று எவரோ கத்தினார். நீங்கள் அந்தத் தொங்கும் துண்டை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தீர்கள்.

"எத்தனாலைத் திட்டுனது தப்பு. ஒவ்வொரு குழாயா சோதிக்காம மொத்தமா பயமுறுத்துனேன். கெட்ட குழாய் நான் போட்டது, பூவம்மா. மாத்திட்டுப் போயிடறேன்."

பூவம்மா துண்டை வாங்கி வளைத்தார். வெடிப்பைப் பார்த்தார். போய்ப் பானட்டைத் திறந்துவிட்டார்.

நாற்பது நிமிடம். நிவேதிதா டார்ச் பிடித்தாள். உங்களை விஷம் ஸ்பெஷலிஸ்ட் என்றவர் கிளாம்ப் எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் பூவம்மா கேட்டார்: "இப்ப தாண்டலாமா?"

"தாண்டலாம். நானும் வர்றேன்."

மறுநாள் பூவம்மாவின் அந்த இரண்டு கதவு வண்டியின் பின்னிருக்கையில் மூன்றாக மடங்கி, நிவேதிதாவும் எல்லை தாண்டினாள். தாய்லாந்துப் பங்க்கில் ஊழியரிடமிருந்து நாசிலை வாங்கி எத்தனால் பெட்ரோலை நீங்களே ஊற்றினீர்கள். ஹாட் யாய் நகரம் வரை மைலுக்கு ஒரு முறை மோந்து பார்த்தீர்கள். கசிவில்லை, எஞ்சினில் தட்டலில்லை. அங்கே இறங்கியதும், பன்னிரண்டு வருடமாக நீங்கள் தடுத்து வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டீர்கள். "வண்டியைக் கொண்டாங்க. குழாய், பம்ப் சீல் பார்க்கிறேன். நல்லா இருந்தா போயிட்டு வாங்க. ஆனா ஊத்துனதை டேங்க்ல மாசக்கணக்கா வெச்சிராதீங்க, தண்ணி இழுக்கும்." அந்தப் பதினேழு போனையும் கேட்டவள் சொல்கிறாள்: எங்கள் வொர்க்ஷாப்பில் அதைவிடப் பெரிய வேலையை எவரும் செய்ததில்லை.

தவறு என்று தெரிந்த அன்றே எழுநூறு கிலோமீட்டர் ஓடிப்போய் ஒப்புக்கொண்ட பெருந்தகையே! கசிவில்லாத உடம்பும் தட்டலில்லாத நெஞ்சுமாக, துணைவியாரோடு நெடுங்காலம் நெடுஞ்சாலை காண்க! ஜன்னலைத் திறந்து கீழே பாருங்கள். பார்க்கிங் கிடைக்காமல் நான்கு சுற்றுச் சுற்றி ஒருவழியாக நிற்கின்றன ஒன்பது பழைய டர்போக்கள். ஒன்பதும் ஹாட் யாய் போய்த் திரும்பியவை. சாப்பிட்டதும் மறுபடி அங்கேதான் புறப்பாடு. முதல் வண்டியின் சாவி பூவம்மா கையில் இருக்கிறது. இன்று ஓட்டப் போவது நீங்கள்.

அன்புடன்,
கபிலன், நிவேதிதா, அப்துல் ஹமீது, ஸ்ரீநாத்
மற்றும் ஆங் மோ கியோ வொர்க்ஷாப் ஊழியர் அனைவரும்