மூக்கை நீட்டிய சென்சார்

"நிறுத்தலேன்னா வெடிச்சிருக்கும் மாமா" என்று முன்சீட்டில் ஒருவர் சொன்னதும், பஸ்ஸில் குண்டு இருக்கிறதென்று நம்பி, திருக்கோகர்ணம் வருமுன்னே படிக்கட்டுக்கு ஓடிய வீரன் நான். அவர் காகித மில் ஆள்; பக்கத்து சீட்டு மாமாவிடம் சொன்னது மில் மிஷினைப் பற்றி.

"கூழ் அரைக்கிற மிஷின்ல தட்டு ரெண்டும் உரசுற மாதிரி சத்தம். பட்டுனு நிறுத்திட்டேன். மில்லே நின்னுருச்சு. வேல போயிருமா?"

"புது சென்சார் மாட்டுனாங்கள்ல மாப்ள? அது மூக்க நீட்டி எதிர்த்தட்டத் தொட்டுத்தான் இடைவெளிய சரிபாத்துக்கும். அந்தச் சத்தம் அது. சொல்லலையா?"

"சொன்னாங்க. இத்தன வருசமா காதால கேட்டே ஓட்டிட்டு, கை சும்மா இருக்குமா?"

மேனேஜர் போனில் அழைத்தார். மாப்பிள்ளை எழுந்து நின்று பேசினார்.

"என்னவாம்?"

"வேலைக்கு வரச் சொல்லிட்டாரு. சென்சார் தொடுற நேரத்துல மட்டும் டீக்கடைக்குப் போயிரணுமாம்."

எதுவும் வெடிக்கவில்லை. படிக்கட்டிலேயே நின்றிருந்தும், இந்தக் கதையைக் கேட்கிற சுவாரசியத்தில் என் ஸ்டாப்பில் நான் இறங்கவில்லை.