கைகூப்பாத வணக்கம்

கழுத்தில் விழுந்த மாலையின் கனத்தைவிடத் தோளில் விழுந்த பொறுப்பின் கனத்தைப் பெரிதாக எண்ணி இந்த விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் புளியடியேந்தல் ஊர்த் தலைவர், பெருமதிப்பிற்குரிய தவசி அய்யா அவர்களே! கண்மாய்க்கும் கழனிக்கும் காவலிருந்து காய்த்துப்போன கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மிளகாய்க் களத்திலிருந்து நேரே கால் கழுவி வந்திருக்கும் தாய்மார்களே! தொண்டியிலிருந்து பஸ் மாறி வந்து, இந்த மேடையில் என் பக்கத்தில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் சகோதரர் காஜா நவாஸ் அவர்களே! மாலை வகுப்பின் மாணவிகளே! அந்தத் தூணுக்குப் பக்கத்தில், கையில் செல்போனை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் என் தோழி சேதுலட்சுமியே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

வணக்கம் என்று வாயால் சொன்னேன், கை கூப்பவில்லை. கவனித்திருப்பீர்கள். கவனித்ததோடு நிற்காமல், பின்வரிசையில் ஒருவர், "டீச்சருக்குப் படிப்பு ஏற ஏற மருவாதி எறங்கிப்போச்சு" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. அய்யா, கோபமில்லை. ஏன் கூப்பவில்லை என்று சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பானுப்பிரியா. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பகலில் உப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பொழுது சாய்ந்ததும் இதே சமுதாயக் கூடத்தில் நம் ஊர்ப் பெண்களுக்கு ஆங்கில எழுத்தும் இலக்கணமும் சொல்லிக் கொடுக்கிறேன். இன்று அந்த வகுப்புக்கு ஆண்டு விழா. விழா என்றால் மகிழ்ச்சியாகப் பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். மன்னியுங்கள், என்னால் முடியாது. இந்த வகுப்பு ஒரு சாவிலிருந்து பிறந்தது.

யாருடைய சாவு? உங்களுக்குத் தெரியும். வசந்தகுமார். இந்தக் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தவன். கண்மாய் நிறைந்தால் முதலில் குதிப்பவன். நெல் பொய்த்த வருஷம் கடல் தாண்டிக் கட்டட வேலைக்குப் போனான். எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. எந்த நாடாக இருந்தால் என்ன? சாரத்தில் ஏறுகிறவன் நம்மவன்; கீழே நின்று கணக்குப் பார்க்கிறவன் வேறொருவன்.

போகும்போது மனைவி சேதுலட்சுமியிடம் அவன் ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போனான். "இந்தா பாரு, அங்க சூப்பர்வைசர் உன் நம்பருக்கும் எதாச்சும் இங்கிலீசுல போடுவாரு. ஒரு கும்பிடப் போட்டு விட்ரு. மருவாதி தெரிஞ்ச குடும்பம்னு நெனைப்பாரு. நான் லீவு கேக்கையில ஒதவும்." போனில் இருக்கிறதே, இரண்டு உள்ளங்கை சேர்ந்த படம், அந்தக் கும்பிடு. அவன் கெட்டது சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் சொன்னான். பண்டிகை வாழ்த்து வந்தது, கும்பிடு போட்டாள். கட்டடத்தின் படம் வந்தது, கும்பிடு போட்டாள். கம்பெனிக்காரர் எதை அனுப்பினாலும் இவள் கும்பிட்டாள்.

போன வருஷம் பங்குனி மாதம். களத்தில் மிளகாய் காய்கிறது. காரம் ஏறிய விரல்களை முந்தானையில் துடைத்துவிட்டு, சுண்டுவிரலால் போனைத் தொடுகிறாள் சேதுலட்சுமி. ஆங்கிலத்தில் ஒரு செய்தி. 'உங்கள் கணவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். நிலைமை மோசமாக இருக்கிறது.' கும்பிடு போட்டாள். மிளகாயைத் துழாவிவிடப் போனாள்.

மறுநாள் இன்னொரு செய்தி. 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அவர் இறந்துவிட்டார்.'

தாய்மார்களே, அதற்கும் கும்பிடு போட்டாள்.

அன்று இரவு அவள் வீட்டில் புளிக்குழம்பு. மகள் ஜோதிகாவுக்குத் தலை பின்னிவிட்டாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, காலில் மெட்டி. அவள் விதவையாகிவிட்டாள். ஆனால் ஊருக்கும் தெரியாது, உறவுக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. இதைவிடக் கொடுமை உண்டா? இருந்தது. அது அடுத்த செய்தியாக வந்தது.

'உடலை இங்கேயே அடக்கம் செய்ய உங்களுக்குச் சம்மதமா?'

சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். இவள் கும்பிட்டிருக்கிறாள். கும்பிடு என்றால் சம்மதம், சம்மதத்தோடு சேர்த்து நன்றி என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு தடவை போன் போட்டுக் கேட்டார்களா? கேட்கவில்லை. ஒருவனை மண்ணுக்குள் வைக்க அந்தக் கம்பெனிக்கு அந்தச் சின்னப் படம் போதுமானதாக இருந்தது.

லீவில் ஊருக்கு வந்து என் பக்கத்தில் இருக்கும் காஜா நவாஸுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. ஆனால் தங்குவது வேறு முகாமில். செய்தி தாமதமாகத்தான் அவர் காதுக்கு எட்டியது. எட்டியதும் சேதுலட்சுமிக்குப் போன் போட்டார். ஆதங்கம் தாங்காமல் கேட்டார். "அக்கா, மனசக் கல்லாக்கிட்டீகளே! கடைசியா ஒரு தடவ அந்த மொகத்தப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணலையா? இங்கனயே அடக்கம் பண்ணச் சொல்லி நீங்களே சம்மதிச்சிட்டீகளாமே?"

சேதுலட்சுமி கேட்டாள். "யாரு மொகத்தச் சொல்றீக தம்பி?"

அந்தக் கேள்வி காதில் விழுந்ததிலிருந்து தனக்குச் சோறு இறங்குவதில்லை என்று காஜா நவாஸ் என்னிடம் சொன்னார். தம்பி, நிமிர்ந்து உட்காருங்கள். உங்கள்மேல் யாருக்கும் வருத்தமில்லை. நீங்கள் ஒருவர்தான் தமிழில் கூப்பிட்டவர்.

என்ன மாமா? முனியசாமி மாமா ஏதோ கேட்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள். "இப்பத்தான் போனே தமிழ்ல மாத்திக் குடுக்குதே, எதுக்கு வகுப்பு?" சரியான கேள்வி. போன் மாற்றித் தரும், மறுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் நானும் இருந்தேன். காட்டியிருந்தால் ஒரு நொடியில் படித்துச் சொல்லியிருப்பேன். ஏன் காட்டவில்லை? புரியவில்லையே என்று தவித்திருந்தால் யாரிடமாவது ஓடியிருப்பாள். இவள் தவிக்கவே இல்லை. ஆங்கிலம் வந்தால் புரிந்துகொள்ள வேண்டும் என்றே இவளுக்கு யாரும் சொல்லவில்லை. கும்பிட்டால் போதும் என்று சொல்லியிருந்தோம். இவளுக்கு மட்டுமா சொன்னோம்?

எல்லோரும் அவரவர் போனை வெளியே எடுங்கள். கூச்சப்படாதீர்கள், எடுங்கள். வெளிநாட்டு நம்பர், பள்ளிக்கூடத்து நம்பர், ஆஸ்பத்திரி நம்பர், அரசாங்க நம்பர். உள்ளே போய்ப் பாருங்கள். அவர்கள் பக்கம் பத்தி பத்தியாக ஆங்கிலம். நம் பக்கம்? கும்பிடு. கும்பிடு. கும்பிடு. தலைவர் அய்யா, உங்கள் போனிலும்தானே? சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகனுடைய கம்பெனிக்கு நீங்கள் அனுப்பியது என்ன?

ஒவ்வொருவராகப் போனை மடியில் கவிழ்த்து வைக்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அய்யா. எதற்கெல்லாம் நாம் கும்பிட்டிருக்கிறோம் என்று நமக்கே தெரியாது.

வகுப்பு தொடங்கிய கதைக்கு வருகிறேன். கூடத்துச் சாவியைக் கேட்கப் போனபோது நம் தலைவர், "பொம்பளையாளுக ஏபிசிடி படிச்சு கலெக்டராவா போகப் போகுதுக?" என்றார். சிரிக்கிறார் பாருங்கள், மறக்கவில்லை! ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டே சாவியைக் கொடுத்தாரே, அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நாள். கரும்பலகையில் 'ஏ' எழுதப் போனேன். சேதுலட்சுமி எழுந்து நின்றாள். "டீச்சர், அதெல்லாம் பொறவு. கேள்வி கேக்குறத எப்படி எழுதுறதுன்னு மொதல்ல சொல்லுங்க." எந்தப் பள்ளியிலாவது எழுத்துக்கு முன்னால் கேள்விக்குறியைச் சொல்லிக் கொடுத்ததுண்டா? இந்தப் புளியடியேந்தலில் சொல்லிக் கொடுத்தோம். "கதிரறுக்குற கருக்கருவாளக் கைப்பிடி கீழ இருக்கப் பிடிச்சு, அடியில ஒரு நெல்லு வச்ச மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சேதுலட்சுமி சிரிக்கவில்லை. பலகை வெளுத்துப்போகும்வரை அதையே போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுத்துகள் வந்தன. சின்ன எழுத்து, பெரிய எழுத்து. வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், புள்ளியில் முடிய வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு காற்புள்ளி. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட பெண்கள், நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். மனிதர் பெயரைப் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று சொன்னேன். பண்ணையார் பெயரானாலும் பண்ணையாள் பெயரானாலும் அதே அளவுதான் என்றேன். சேதுலட்சுமி கேட்டாள். "செத்தவுக பேருக்கும் அப்படித்தானா டீச்சர்?"

ஆமாம் என்றேன். அவள் பலகையில் தன் கணவன் பெயரை எழுதினாள். முதல் எழுத்தை அத்தனை பெரிதாக எழுதி நான் பார்த்ததில்லை. மற்ற எழுத்துகளுக்குப் பலகையில் இடமே இல்லை. அழித்துவிட்டு மறுபடியும் எழுதினாள்.

ஐப்பசி மழை தொடங்கியபோது அந்தக் கம்பெனி நம்பருக்கு அவள் ஒரு செய்தி அனுப்பினாள். நான் ஒரு எழுத்தும் தொடவில்லை. தமிழில் சொல்கிறேன், கேளுங்கள். 'என் பெயர் சேதுலட்சுமி. வசந்தகுமார் என் கணவர். அவரை எங்கே அடக்கம் செய்தீர்கள்?'

ஒரு புகைப்படம் வந்தது. மணல். மணல்மேல் வரிசையாக மேடுகள். ஒவ்வொரு மேட்டின் தலைமாட்டிலும் ஒரு சிமெண்டுக் கல். கல்லில் ஒரு எண். எண் மட்டும்தான். மரமில்லை, செடியில்லை, பெயரில்லை. ஒரு கல்லைச் சுற்றி மட்டும் சிவப்பாக வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

நம் ஊரில் ஆடு தொலைந்தால்கூட, 'இன்னார் வீட்டு ஆடு' என்று பெயர் சொல்லித்தானே தேடுவோம்? வசந்தகுமார் பெயர் எங்கே போயிற்று? அவன் அம்மா வைத்த பெயர், ரேஷன் கார்டில் இருந்த பெயர், ஜோதிகாவின் பள்ளிப் பதிவில் தகப்பன் என்ற இடத்தில் இருக்கிற பெயர். அதைக் கடல் கடந்து கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு, கல்லில் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். சேதுலட்சுமி அழவில்லை. என் கையிலிருந்த தன் போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். 'கல்லில் ஏன் அவர் பெயர் இல்லை? பெயர் எழுதுவீர்களா?'

அனுப்பினாள். அவர்கள் பார்த்துவிட்டதற்கு அடையாளமான நீலக்கோடுகள் தெரிந்தன. எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று போன் காட்டியது. வகுப்பே அவளைச் சுற்றி நின்றது. ஒருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பதில் வந்தது.

என்ன பதில் தெரியுமா?

கும்பிடு.

ஆமாம் தாய்மார்களே. அதே இரண்டு உள்ளங்கை. ஒரு சொல் இல்லை. நாம் இத்தனை காலமாக அவர்களுக்கு அனுப்பிய படத்தை, அவர்கள் நமக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாம் புரியாமல் போட்ட கும்பிடு அது. அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டு போட்டார்கள். 'போய் வா, இதற்குமேல் பேசாதே' என்பதற்கு இத்தனை மரியாதையான வழி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். அன்றிலிருந்து எனக்குக் கை கூப்ப வரவில்லை. கூப்பப் போனால் அந்தச் சிமெண்டுக் கல் கண்ணில் வந்து நிற்கிறது. பின்வரிசை அய்யா, காரணம் இதுதான்.

ஆங்கிலம் படித்தால் நீதி கிடைத்துவிடும் என்று பொய் சொல்ல நான் வரவில்லை. படித்தோம், கேட்டோம், கிடைக்கவில்லை. அப்படியானால் எதற்குப் படிப்பு? படிக்காமல் இருந்தபோது அவர்கள் கேட்டார்கள், நாம் கும்பிட்டோம். இன்று நாம் கேட்கிறோம், அவர்கள் கும்பிட்டுத் தப்பிக்கிறார்கள். இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் சம்பாதித்தது அவ்வளவுதான். சின்னதுதான். ஆனால் அதை நாங்கள் விடப் போவதில்லை.

சேதுலட்சுமி இன்று காலையும் அதே கேள்வியை அனுப்பினாள். நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. நாளையிலிருந்து அவள் ஒருத்தி மட்டும் அனுப்ப மாட்டாள். இந்த வகுப்பில் படிக்கும் ஒவ்வொரு பெண்ணும் அவரவர் போனில், அவரவர் கையால், வசந்தகுமார் பெயரை எழுதி அதே கேள்வியை அனுப்புவாள். கல்லில் அவன் பெயர் ஏறும்வரை அனுப்புவாள். பெரியோர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இன்று முதல் இந்த ஊரிலிருந்து, படிக்காத செய்திக்கு ஒரு கும்பிடும் போகக்கூடாது. புரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

சேது, எழுந்திரு. நீ மேடைக்கு வரவேண்டாம். அங்கேயே நின்று சொல். தமிழிலேயே சொல்.

கேட்டதா உங்களுக்கு? மைக் இல்லாமல் பேசினாள், பின்வரிசைக்கு எட்டியிருக்காது. நான் திருப்பிச் சொல்கிறேன். "அவுக பேரு வசந்தகுமாருங்க. நம்பரு இல்ல."

சாவி கொடுத்த தலைவருக்கும், மனச்சுமையோடு வந்து அமர்ந்த சகோதரர் காஜா நவாஸுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி. கூப்பிய கைகளை இறக்குங்கள் தாய்மார்களே, எனக்கு வேண்டாம். என் கைகளும் என் பக்கத்திலேயே இருக்கின்றன. வணக்கம்.