எட்டு ஜிபி என்று வாங்கிய கார்டும் நான் கொண்டுவந்த கம்ப்யூட்டரும்

என் பெயர் தேவசேனா, வயது 36, கணவர் பெயர் நல்லுசாமி. பழனி அடிவாரத்தில் குடியிருந்து, வீட்டின் முன்னறையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்து வருகிறேன். கொடைக்கானலில் சுற்றுலா வண்டி ஓட்டும் சேனாதிபதி என்பவர், தன் வீட்டுக் கம்ப்யூட்டரை நான் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகக் கொடுத்த புகாரின் பேரில் இன்று என்னை விசாரித்ததில் நான் சொல்வது:

ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்த வேலுச்சாமி என்பவர் தன் மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். மூன்று கேமராவில், 4கே என்ற மிகத் துல்லியமான அளவில் எடுத்தோம். அந்த அளவுக்கு என் கம்ப்யூட்டரில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு தாங்காது என்பதால் வேறு கார்டு வாங்க முடிவு செய்தேன். பழனியில் ஒரு கடையில் ஆறு ஜிபி மெமரி உள்ள புதுக் கார்டு இருந்தது. அதே சமயம் வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கும் செந்தில்வேல், தான் பயன்படுத்திய எட்டு ஜிபி கார்டை விற்பதாக ஆன்லைனில் போட்டிருந்தார். இவர் சேனாதிபதியின் தம்பி, இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆறைவிட எட்டு பெரிது என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. செந்தில்வேலிடமே வாங்கினேன்.

கார்டு மெமரி என்றால் என்ன என்று ஏட்டம்மா ராஜேஸ்வரி கேட்டதால் சொல்கிறேன். அது கம்ப்யூட்டரின் ரேம் அல்ல. கார்டுக்குள்ளேயே இருக்கும் தனி மெமரி. மூன்று கேமராப் படத்தையும் அடுக்கி நிறம் சரிசெய்யும்போது அவ்வளவும் அதில்தான் வந்து நிற்க வேண்டும். இடம் போதாவிட்டால் வேலை நின்றுவிடும்.

சின்ன வேலைகளுக்கு அந்தக் கார்டு நன்றாகவே ஓடியது. அதன் பிறகு வேலுச்சாமி மாரடைப்பில் இறந்துவிட்டார். மகள் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் மனைவி விசாலாட்சி என் வீட்டுக்கு வந்து, "கருமாதிக்குள்ள குடுத்துரு தாயி. அவுக மைக்குல பேசுனத எம்மக ஒருக்கா கேக்கணும்ங்குறா" என்றார். நான் வேலையில் உட்கார்ந்தேன். மூன்று படத்தையும் அடுக்கியதும் திரை கறுத்துவிட்டது. எத்தனை முறை செய்தும் அதே இடத்தில் கறுத்தது.

அதன் பிறகு கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் கொடைக்கானல் போய், செந்தில்வேல் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன். அக்கம்பக்கத்தினர் பார்த்தார்கள். வாய்க்கு வந்தபடி பேசினேன் என்பது உண்மை. அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து என் கண் முன்னால் கார்டின் மேல்மூடியைக் கழற்றினார். ஸ்டிக்கரில் எட்டு ஜிபி, 256 பிட் என்று இருந்தது. 256 பிட் அகலமுள்ள கார்டு என்றால் உள்ளே எட்டு மெமரி சில்லுகள் இருக்க வேண்டும் என்று செந்தில்வேல் சொன்னார். நான்குதான் இருந்தன. சில்லின் மேல் இருந்த எண்ணை போனில் தேடிப் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒரு ஜிபி. நாலு ஜிபி கார்டை, எட்டு என்று கம்ப்யூட்டரே நம்பும்படி யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

செந்தில்வேல் கார்டைக் கீழே வைத்தார். "நானும் எட்டுன்னு நம்பித்தான்க்கா வாங்குனேன். நான் வெளையாடுன கேமுக்கு நாலே போதும். அதான் தெரியாமப் போச்சு" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. என்னிடமும் கோபம் மிச்சமில்லை. வேலுச்சாமி வீட்டு விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். அதன் பிறகு அவரே தன் கம்ப்யூட்டரின் வயர்களைக் கழற்றி, போர்வையில் சுற்றி, "இதுல பன்னெண்டு ஜிபி, நெசமான பன்னெண்டு. வேலைய முடிச்சுட்டுக் குடுங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அண்ணனிடம் சொல்வதற்குள் செந்தில்வேலுக்கு கெஸ்ட் ஹவுஸ் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு கவுஞ்சி மலைக்கிராமத்துப் பக்கம் போக வேண்டி வந்து, அங்கே அவர் போனுக்கு சிக்னல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வீட்டுக்கு வந்த சேனாதிபதி, கம்ப்யூட்டரைக் காணாமல் அக்கம்பக்கத்தில் விசாரித்து, சண்டை போட்ட பழனிக்காரிதான் கொண்டுபோனாள் என்று கேள்விப்பட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை ஏட்டம்மாவும் சேனாதிபதியும் என் வீட்டுக்கு வந்தபோது எடிட் செய்த வீடியோ ஒரே ஃபைலாக உருவாகி முடிகிற நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை வாங்கிப்போக விசாலாட்சியும் வந்து உட்கார்ந்திருந்தார். சேனாதிபதி வந்த வேகத்தில் பிளக்கைப் பிடுங்கப் போனார். நான் பிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கண்ணே, பெறகு என்னைய எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். ஏட்டம்மா, "ஓடி முடியட்டும்" என்றார்.

முடிந்ததும் சரிபார்க்கப் போட்டேன். வேலுச்சாமி மைக்கைப் பிடித்து, "எம்மகளுக்குச் சமைக்கத் தெரியாது மாப்ள, நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று சொல்ல, பந்தலே சிரித்தது. விசாலாட்சி திரையைத் தொட்டார். சேனாதிபதி வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அதன் பிறகு ஸ்டேஷனுக்கு வந்தோம். மத்தியானம் செந்தில்வேலின் போன் கிடைத்தது. சேனாதிபதி ஸ்பீக்கரில் போட்டு, "ஏலே, சொல்லிட்டுப் போகமாட்டியா? ஒரு பொம்பளைய இங்க கொண்டாந்து உக்கார வச்சுட்டேனேடா" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலேயே, கம்ப்யூட்டர் இன்னும் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

செந்தில்வேல் மீது எனக்குப் புகார் இல்லை. கார்டை மாற்றி எழுதி விற்றவர் யாரென்று விசாரிக்க வேண்டும் என்று கேட்டு, கார்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். "திருடியதாக" என்று ஓர் இடத்தில் இருந்ததை "இரவல் வாங்கியதாக" என்று மாற்றச் சொன்னேன். சேனாதிபதியும் "மாத்துங்க" என்றார். மாற்றினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்)
ந. தேவசேனா